ஏட்டில் ஏறாத நாட்கள்

சங்கத்தின் ஏடுகளில் எழுதப்படுவன பல. எழுதப்படாதனவும் சில உள. நூல் இருப்பு, துணி இருப்பு, கூலிப் பட்டுவாடா, கடன் பாக்கி ஆகியவற்றை ஆண்டுதோறும் சரிபார்க்கிறோம். ஆனால் தறியில் அமரும் பெண் அங்கத்தினர் மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஏன் வரவில்லை என்பதற்கு எந்த ஏட்டிலும் பத்தி கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுத் தறிக்கூடத்தைப் பார்வையிடச் சென்றோம். பெண்களின் கூலிப் பட்டியலில் மாதந்தோறும் சில நாட்கள் விடுபட்டிருந்தன. காரணம் கேட்டதற்கு, "பெண்பிள்ளைகள் சமாசாரம் சார், சோம்பல்தான்" என்றார் அலுவலர். அப்பதிலை ஏற்றுக் கையெழுத்திட்டு வந்துவிட்டோம். கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதைக் கண்டிருந்தும் அறிக்கையில் அதைக் குறிக்கவில்லை. அக்குறை நம்முடையதே.

பின்னர், மாதவிடாய் நலம் பற்றிப் பயின்று ஊர்களில் எடுத்துரைப்போருக்கான உதவித்தொகைப் பயிற்சி ஒன்றில் சேரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஆண்மகனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்ட நண்பர்கள் உண்டு. கழிப்பறைக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாக சபைகளில் பெரும்பாலும் ஆண்களே அமர்ந்திருக்கும் வரையில், இவ்வேலை ஆண்களுக்கும் உரியதே என்பதுதான் நமது விடை. அப்பயிற்சியில் அறிந்தவற்றுள் சங்கங்களுக்குப் பயன்படுவனவற்றை இங்கே எழுதுகிறோம்.

அபராதத்தின் விலை

முதலில் விவசாயிகள் அறியவேண்டிய செய்தி. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் அடிக்கடி வறட்சிக்கு இலக்காவது. அங்கிருந்து ஆண்டுதோறும் பெருந்திரளான குடும்பங்கள் கரும்பு வெட்ட வெளியூர் செல்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ஆளாகக் கணக்கிடப்படுவர். 'முகாதம்' எனப்படும் மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வார். ஒரு நாள் வேலைக்கு வராவிடில் 500 ரூபாய் வரையில் அபராதம் பிடிக்கப்படுவதாகத் தொழிலாளர்கள் கூறினர். வயலோரக் கூடாரங்களில் குளிக்கத் தண்ணீரும் இல்லை. ஒதுங்க மறைவிடமும் இல்லை.

இதன் விளைவு 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மாதவிலக்கால் நாள் இழப்பதற்கு அஞ்சியும், வெள்ளைப்படுதல் வயிற்றுவலி என்று மருத்துவரிடம் போனபோது புற்றுநோய் வரும் என்று அச்சுறுத்தப்பட்டும், பெண்கள் பலர் கருப்பையையே அகற்றிக்கொண்டிருந்தனர். அரசு அமைத்த குழு ஏறத்தாழ 82,000 பெண் தொழிலாளரை விசாரித்தது. அவர்களுள் 13,000க்கு மேற்பட்டோர் இவ்வறுவைக்கு உட்பட்டிருந்தனர். நாற்பது வயதைக்கூட எட்டாதவர் பலர். இளவயதில் கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால் எலும்பு தேய்வதும் உடல் தளர்வதும் விரைந்து வரும். கரும்பு வெட்டவென்று செய்துகொண்ட அறுவை, கரும்பு வெட்டும் வலிமையையே குறைத்தது.

மகாராஷ்டிரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குப் பேர்போன மாநிலம். கரும்பு விளைவிப்போர் அவ்வாலைகளின் அங்கத்தினர். வெட்டுவோரோ மேஸ்திரியின் ஆட்கள். எனவே கூட்டுறவின் நிழல் அவர்கள்மேல் விழவில்லை. நம் வயலில் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் வரும் பெண்களுக்கு அந்நிழல் எட்டுகிறதா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.

நெசவாளர் மகன் போட்ட கணக்கு

இனி, நம்மூர்ச் செய்தி. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் சாலை விபத்தில் மறைந்தபின் பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார். 1998ஆம் ஆண்டில் திருமணமானது. மனைவியார் மாதவிலக்குக்காகக் கந்தல் துணிகளைச் சேர்த்து மறைத்து வைப்பதைக் கண்டு காரணம் கேட்டார். கடையில் நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவைக் குறைக்க நேரிடும் என்பது அம்மையாரின் விடை.

அவர் ஒரு நாப்கினை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். அந்நாளில் பத்துக் கிராம் பஞ்சின் விலை பத்துப் பைசா. நாப்கினின் விலையோ நாலு ரூபாய் அளவில் இருந்தது. நாற்பது மடங்கு! நூல் விலையும் துணி விலையும் அறிந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. பஞ்சைக் கொண்டு தாமே செய்து பார்த்தார், பயன்படவில்லை. பஞ்சு ஈரத்தை உறிஞ்சும், அழுத்தினால் விட்டுவிடும். கம்பெனி நாப்கினில் இருப்பது பஞ்சன்று, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்பதைக் கண்டறியவே இரண்டாண்டுக்கு மேலாயிற்று. இதற்கிடையில் ஊரார் தூற்றினர். மனைவியும் தாயாரும் பிரிந்து சென்றனர். பல ஆண்டுகள் கழித்தே மனைவியார் திரும்பினார்.

வெளிநாட்டு இயந்திரம் மூன்றரைக் கோடி ரூபாய் என்றிருந்த காலத்தில், அவர் அமைத்த சிறு இயந்திரம் ஏறத்தாழ 65,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. கூழை உதிர்த்தல், அச்சிலிட்டு அழுத்துதல், மேலுறை சுற்றி ஒட்டுதல், புறஊதாக் கதிரால் கிருமி நீக்குதல் என்னும் வேலைகளைச் சில மணி நேரத்தில் எந்தப் பெண்ணும் கற்கலாம். அதைப் பெருங் கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே அவர் கொடுத்தார் என்பதே கூட்டுறவாளர் கவனிக்கத்தக்கது. செய்பவளும் விற்பவளும் வாங்குபவளும் ஒரே ஊரினர் ஆகவே, கடையில் ஆண்களிடம் கேட்க நாணியவளும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினாள். 2016ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

பேசியதும் கேட்டதும்

நிற்க. பயிற்சியின்போது ஓர் ஊரில் நாம் அரைமணி நேரம் சொற்பொழிவாற்றினோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை உடன் பயின்ற சகோதரி மட்டும் தறிமேட்டில் அமர்ந்து, "துணியை எங்கே உலர்த்துகிறீர்கள்?" என்று கேட்டார். முதிய நெசவாளி ஒருவர், "வெயிலுக்கா பஞ்சம் தாயி? காயப்போடத்தான் இடமில்லை" என்றாராம். நமது அரைமணிப் பேச்சில் இல்லாத பொருள் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

துணி தீயதன்று. மென்மையான பருத்தித் துணியைச் சோப்பிட்டு நல்ல நீரில் அலசி வெயிலில் நன்கு உலர்த்தினால் அது தூயதே. கட்டிலுக்கடியிலும் கூரை இடுக்கிலும் ஈரத்தோடு ஒளித்து வைப்பதே தீங்கு. துவைத்துப் பயன்படுத்தும் பருத்தித் துணி நாப்கின்களை ஆரோவில் பகுதியிலுள்ள ஈகோ பெம் என்னும் அமைப்பு 2010 முதல் செய்து வருகிறது. பருத்தி விளைவிப்பவரும் துணி நெய்பவரும் தையல் அறிந்தவரும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் நமது சங்கங்கள் இத்தொழிலைக் கருதலாகாதா?

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு கூடத்திலும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும், துணி உலர்த்த வெயில் படும் மறைவான இடமும் வேண்டும்.

இரண்டாவது, குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுதும் அமர்பவருக்கு, நான்கைந்து மணிக்கொருமுறை எழுந்து மாற்றிக்கொள்ள உரிமை வேண்டும். பாவை முடித்துத் தரும் தவணையை அந்நாட்களில் ஓரிரு நாள் தள்ளிக்கொடுத்தால் சங்கம் நட்டமடையாது.

மூன்றாவது, சங்க விற்பனை நிலையத்தில் நாப்கின் வெளிப்படையாகக் கிடைக்கவேண்டும்; மக்கள் மருந்தகங்களில் 2019 முதல் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைப்பதை அங்கத்தினருக்குத் தெரிவிக்கவேண்டும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றி மூடியிட்ட தொட்டியில் போடுவதே முறை. கழிப்பறைக் குழியில் எறிதலும், பிளாஸ்டிக் கலந்ததைத் திறந்த வெளியில் எரித்தலும் தகா.

நான்காவது, உதிரப்போக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், இருபத்தொரு நாளுக்குள் மீண்டும் வந்தாலும், மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும், வலியால் எழ முடியாவிடினும் மருத்துவரைக் காணவேண்டும். கருப்பையை எடுக்கச் சொன்னால் அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளாமல் இசையலாகாது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களுள் சுகாதார முறைகளைக் கையாள்வோர் 2015-16ல் நூற்றுக்கு 58 பேராக இருந்து, 2019-21ல் 77 பேராக உயர்ந்துள்ளனர். நாடு முன்னேறுகிறது, ஆனால் அவ்வாய்வு தறிக்கூடத்துக்குள் வந்து பார்க்காது. அதைப் பார்ப்பது சங்கத்தின் கடமை.

முன்பு சொன்ன சங்கத்துக்கு இவ்வாண்டு மீண்டும் சென்றோம். கழிப்பறை இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் இம்முறை அறிக்கையில் அதை முதற்குறையாக எழுதினோம். தறியிலிருந்த பெண்களிடமும் அதைப் படித்துக் காட்டினோம். அடுத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவருவதாக அவர்களுள் ஒருவர் எழுந்து கூறினார். உங்கள் சங்கத்தின் மகாசபையிலும் அத்தகைய ஒரு குரல் எழட்டும். ஆண் அங்கத்தினர் அதை வழிமொழியட்டும்.