கல் உதிரும் ஓசையைக் கேட்டவர்: ப்ராஸ்பர் மெரிமே

நேரலையில் இணைந்திருக்கும் உங்களில் சிலருக்கு இது நள்ளிரவு, சிலருக்கு விடிகாலை. இங்கே லண்டனில் எனக்கு நைட் டியூட்டிக்குக் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. அதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பேராசிரியர் அல்ல, நர்சிங் டிப்ளமோ படித்தவள். பிரெஞ்சு இலக்கியத்தை மொழிபெயர்ப்பில்தான் வாசித்திருக்கிறேன். ஆனால் இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட மனிதரைப் பற்றி ஒரு நர்ஸுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கார்மென் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிசேயின் இசை நாடகத்தைப் பார்க்காதவர்கள்கூட அதன் மெட்டை எங்காவது கேட்டிருப்பார்கள். அந்தக் கதையை எழுதியவர் ப்ராஸ்பர் மெரிமே. 1803 செப்டம்பர் 28ஆம் தேதி பாரிசில் பிறந்தார்.

அது ஓவியர்கள் வீடு. அப்பா லியோனோர் மெரிமே ஓவியர். எண்ணெய் வண்ணங்களின் வேதியியலை ஆராய்ந்து நூல் எழுதியவர். பழைய மேதைகளின் நிறங்கள் ஏன் மங்காமல் இருக்கின்றன என்பது அவருடைய கேள்வி. அம்மா ஆன் மோரோவும் ஓவியர்தான். குழந்தைகளின் உருவப்படம் வரைவதில் பெயர் பெற்றவர். குழந்தை ஓரிடத்தில் உட்காராது என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்த அம்மா வரையும்போதே கதை சொல்லிக்கொண்டிருப்பாராம், குழந்தை வாய் பிளந்து அசையாமல் உட்கார்ந்திருக்குமாம்.

கதை அந்த அம்மாவுக்குப் பாட்டி வழிச் சொத்து. 'அழகியும் அரக்கனும்' கதையை இன்று உலகம் அறிந்த வடிவில் எழுதிய லெப்ரின்ஸ் தெ பொமோன் அம்மையார்தான் அந்தப் பாட்டி. அவர் பிரான்சிலிருந்து வந்து லண்டனில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1756இல் அந்தக் கதை வெளியானதும் லண்டனில்தான். அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாடு விட்டு வந்த பெண் என்று படித்தபோது, அவர் எனக்கு நெருங்கிய உறவு போலத் தோன்றினார்.

ப்ராஸ்பருக்கு ஐந்து வயதிருக்கும்போது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஏதோ குறும்பு செய்ததற்காக அம்மா அவனை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார். அவன் அழுதபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் குழந்தையின் அழுகையை ரசித்திருக்கலாம். ஆனால் குழந்தைக்கு அது அவமானம். இனி யார் முன்னாலும் மனதைத் திறந்து காட்டுவதில்லை என்று அன்றே முடிவு செய்தானாம். பெரியவரான பிறகு அவர் அணிந்த மோதிரத்தில் கிரேக்க மொழியில் ஒரு வாசகம் பொறித்திருந்தது. சந்தேகிக்க மறவாதே என்பது அதன் பொருள்.

எழுத வந்ததும் முகமூடியோடுதான். 1825இல் வந்த முதல் புத்தகம் கிளாரா கசூல் என்ற ஸ்பானிய நடிகை எழுதிய நாடகங்கள் என்ற பெயரில் வெளியானது. அப்படி ஒரு நடிகையே கிடையாது. 1827இல் பால்கன் நாட்டுப்புறப் பாடல்களின் தொகுப்பு என்று ஒன்று வந்தது. அதையும் இவரே உட்கார்ந்து எழுதியிருந்தார். உண்மையான நாட்டார் பாடல்கள் என்று நம்பி, ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அவற்றில் சிலவற்றைத் தம் மொழிக்குக் கொண்டுபோனார்.

1829இல்தான் சொந்த முகம் தெரிகிறது. அந்த ஆண்டு எழுதிய 'தமாங்கோ' என்ற சிறுகதையை இன்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தமாங்கோ ஆப்பிரிக்கத் தலைவன். தன் மக்களை அடிமை வியாபாரிக்கு விற்கிறவன். கடைசியில் அவனையே பிடித்துக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். கப்பலின் பெயர் 'நம்பிக்கை'. அடிமைகள் கலகம் செய்து வெள்ளையர்களைக் கொன்றுவிடுகிறார்கள். ஆனால் கப்பலை ஓட்ட ஒருவருக்கும் தெரியாது. கடல் நடுவே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தமாங்கோ மட்டும் தப்பிக்கிறான், பட்டாள இசைக்குழுவில் தாளம் தட்டுகிறான், நிறையக் குடிக்கிறான், நெஞ்சில் அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் இறக்கிறான். கதை அங்கே முடிந்துவிடுகிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

முதல் முறை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய துயரத்தை வார்டு ரிஜிஸ்டரில் எழுதுவதுபோல முடித்துவிட்டாரே என்று. அப்புறம்தான் என் பழைய குற்றம் ஒன்று நினைவுக்கு வந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஊர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எதுவும் வேண்டாம். ஒரு பெரியவர் அதிகாலையில் இறந்துபோனார். நேரம், நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் பிழையில்லாமல் எழுதினேன். அழக் கூடாது என்று சீனியர் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். அழவில்லை. மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, "அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தே பதில் சொன்னேன், அமைதியாகப் போனார் என்று. ஜன்னலைத் திறக்கச் சொல்லி அவர் கேட்டது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த மகளை நான் பிறகு பார்க்கவே இல்லை.

உணர்ச்சியைக் காட்டாமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். மெரிமே குழப்பிக்கொள்ளவில்லை. தமாங்கோவுக்கு அவர் கண்ணீர் விடவில்லை. ஆனால் கப்பலின் இரு தளங்களுக்கு நடுவே ஒரு மனிதனுக்கு எத்தனை அங்குல இடம் கிடைத்தது என்பதைப் பார்த்து எழுதினார்.

அந்தக் கண் எங்கெல்லாம் பயன்பட்டது என்பதை அடுத்துச் சொல்கிறேன். 1834இல் பிரெஞ்சு அரசு அவரை வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக நியமித்தது. வயது முப்பது. புரட்சிக்குப் பிறகு பிரான்சில் எத்தனையோ தேவாலயங்களும் மடங்களும் பராமரிப்பின்றிக் கிடந்தன. சில கட்டடங்களைக் கல்லுக்காகவே இடித்து விற்றார்கள். மெரிமே குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனார். வரைந்தார், அளந்தார், அறிக்கை எழுதினார், பாரிசுக்குத் திரும்பிப் பணத்துக்காக அதிகாரிகளோடு மல்லுக்கட்டினார். 1860 வரை இந்தப் பதவியில் இருந்தார்.

முதல் பயணத்திலேயே பர்கண்டியில் உள்ள வெசலே என்ற குன்றுக்குப் போனார். அங்கே மகதலேனா மரியாளின் பெரிய தேவாலயம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது, கூரை வளைவிலிருந்து சிறு கற்கள் உதிர்ந்து தம்மைச் சுற்றி விழும் ஓசை கேட்டதாக எழுதியிருக்கிறார். நோயாளியின் மூச்சு மாறுவதைக் கேட்கிற காது அது. உடனே ஏதாவது செய்யாவிட்டால் இந்தக் கட்டடம் பிழைக்காது என்று அரசுக்குச் சொன்னார். 1840இல் வியோலே-லெ-துக் என்ற இருபத்தாறு வயது இளைஞரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. இன்று வெசலே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1841இல் புசாக் கோட்டையில் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கிடந்த திரைச்சீலைகளைப் பார்த்து, அவற்றைக் காக்க வேண்டும் என்று எழுதினார். 'சீமாட்டியும் ஒற்றைக் கொம்புக் குதிரையும்' என்று இப்போது பாரிசின் க்ளூனி அருங்காட்சியகத்தில் நாம் போய்ப் பார்க்கும் ஆறு சீலைகள் அவைதான்.

இதில் என்னை யோசிக்க வைப்பது வேறொரு விஷயம். மெரிமேவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை மறைத்ததும் இல்லை. நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். என்னைப் போன்றவர்கள் முழங்காலிடும் இடங்கள் இடிந்து விழாமல் நிற்பதற்கு ஒரு காரணம், முழங்காலிடாத ஒருவர் அங்கே உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தது. ஜெபிக்கிறவர்கள் பலர் அந்தக் கல் விழும் ஓசையைக் கேட்டும் பேசாமல் இருந்திருப்பார்கள்.

'கார்மென்' 1845இல் வந்தது. 1830இல் ஸ்பெயின் பயணத்தின்போது மோந்திஹோ சீமாட்டி சொன்ன ஒரு கொலைச் சம்பவம்தான் விதை. இசை நாடகத்தில் இல்லாத ஒரு பாத்திரம் மூலக் கதையில் உண்டு. பழைய போர்க்களத்தைத் தேடி வந்த ஓர் ஆராய்ச்சியாளர்தான் கதையைச் சொல்கிறார். மரண தண்டனைக்குக் காத்திருக்கும் டான் ஹோசே அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். கார்மெனைக் கொன்று காட்டில் புதைக்கும்போது அவள் எறிந்த மோதிரத்தைத் தேடி எடுத்துக் குழியில் வைக்கிறான். கூடவே ஒரு சிறு சிலுவையையும் வைக்கிறான். அது சரியா என்று அவனுக்கே தெரியவில்லை. நம்பிக்கையற்ற மெரிமே அந்தச் சிலுவையை அங்கே வைக்க மறக்கவில்லை.

1846க்குப் பிறகு இருபது ஆண்டுகள் அவர் கிட்டத்தட்டக் கதையே எழுதவில்லை. ரஷ்ய மொழி கற்று புஷ்கினை மொழிபெயர்த்தார். 1852இல் அம்மா இறந்தார். கடைசிவரை அம்மாவோடுதான் வாழ்ந்திருந்தார். அதே ஆண்டு சிறைக்கும் போனார். நூலகங்களில் அரிய புத்தகங்களைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட லிப்ரி என்ற நண்பருக்காக, நீதிமன்றத்தைச் சாடி எழுதியதற்குப் பதினைந்து நாள் தண்டனை. லிப்ரி உண்மையிலேயே திருடியவர். சந்தேகிக்க மறவாதே என்று விரலில் எழுதி வைத்திருந்தவர் நண்பன் என்று வந்ததும் மறந்துபோனார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இது.

கடைசி ஆண்டுகளில் மூச்சுத் திணறல் வாட்டியது. மோன்பெலியேயில் நோயாளியை உலோக அறைக்குள் உட்காரவைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டும் சிகிச்சையையும் எடுத்துப் பார்த்தார். குளிர்காலங்களைத் தெற்கே கான் நகரில் கழித்தார். அங்கே அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் ஃபேனி, எம்மா என்ற இரண்டு ஆங்கிலேயச் சகோதரிகள். அம்மாவின் தோழிகள். உடற்பயிற்சிக்காக அவர் வில் எய்வார், வயதான அந்தப் பெண்கள் வில்லையும் அம்பையும் தூக்கிக்கொண்டு கூடவே போவார்கள். 1870 செப்டம்பர் 23ஆம் தேதி கானில் இறந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் கம்யூன் நாட்களில் அவர் வீடு எரிந்து, புத்தகங்களும் காகிதங்களும் சாம்பலாயின. கான் கல்லறைத் தோட்டத்தில் ஃபேனியும் அவரோடு ஒரே கல்லறையில் இருக்கிறார்.

அந்தச் சகோதரிகள் அவருக்கு எத்தனை இரவு விழித்திருந்தார்கள் என்று எந்த வாழ்க்கை வரலாறும் கணக்குச் சொல்லாது. ஒரு நர்ஸாக நான் அந்த இரவுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போதும் கேஸ் ஷீட்டில் எண்களைத்தான் எழுதுகிறேன், அதுதான் முறை. ஆனால் என் யூனிஃபார்ம் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. யாராவது ஜன்னலைத் திறக்கச் சொன்னால் அதில் குறித்துக்கொள்கிறேன். உறவினர் வந்து கேட்டால் சொல்வதற்கு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்கு இன்னும் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது.