மனோரமாவின் நடிப்பும் மக்கள் பேசும் தமிழும்

பல்வகை வேடங்களை ஏற்று நடித்தவர் என்று ஒரு நடிகையைப் போற்றுவது எளிது. அப்பல்வகைத் திறன் எதனால் அமைந்தது என ஆராய்வதே மொழி பயில்வோர்க்குப் பயன் தரும். ஆச்சி மனோரமாவைப் பொறுத்தவரை, அதன் வேர் அவர் கையாண்ட பேச்சுமொழியில் இருக்கிறது.

1937ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வளர்ந்தார். சிறுவயதிலேயே மேடையேறி, மனோரமா என்னும் பெயர் பெற்றார். பின்னர் எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில் நடித்தார். ஒலிபெருக்கியை நம்பாது கடைசி வரிசை வரை சொல்லைக் கொண்டுசெல்லும் பயிற்சியை நாடக மேடையே அக்கால நடிகர்க்கு அளித்தது. அடுக்குமொழி உரையாடல் கோலோச்சிய அம்மேடையில் செந்தமிழ் உச்சரிப்பும் அவருக்குக் கைவந்தது.

1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் நாடக நடிகை ஜில் ஜில் ரமாமணியாகத் தோன்றினார். மேடை தந்த அனுபவம் அவ்வேடத்திற்கு உயிரூட்டியது. அதே ஆண்டில் ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் பாடினார். ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாகவும், ‘சின்னக்கவுண்டர்’ படத்தில் கொங்குநாட்டுத் தாயாகவும் நடித்தார். ‘புதிய பாதை’ படத்திற்காகத் துணை நடிகைக்குரிய தேசிய விருதையும், 2002இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவர் 2015இல் மறைந்தார்.

இவ்வேடங்களில் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்பச் சொல்லும் இழுப்பும் மாறுவதைக் காணலாம். வட்டார வழக்கை நகைப்புக்கு மட்டும் உரியதாக்காமல், துயரையும் பாசத்தையும் அவ்வழக்கிலேயே வெளிப்படுத்தியதுதான் அவரது தனிச்சிறப்பு. தொல்காப்பியமும் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் திசைச்சொல்லை ஒன்றாக எண்ணுகிறது.

இச்செய்தி நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தார்க்கு நெருக்கமானது. தமிழகத்தின் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழக்குகள் இங்குள்ள லயங்களில் கலந்தன. பெரட்டு என்பது ஆங்கிலத்திலிருந்தும், கித்தா என்பது மலாயிலிருந்தும் வந்து அவற்றுடன் இணைந்தன. தோட்டத்துத் திடல்களில் திரைகட்டிக் காட்டிய படங்களைக் கண்டு களித்த தலைமுறையே இப்பேச்சையும் பேசியது. ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாற, குடும்பங்கள் சிரம்பான், நீலாய் போன்ற நகரங்களை நோக்கிப் பெயர்ந்தன. பேசுவோர் சிதறினால் வழக்கும் சிதறும்.

ஆகவே ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். மனோரமாவின் காட்சியொன்றை மாணவர்க்குக் காட்டி, அதன் வட்டாரச் சொற்களைத் தொகுத்து, எழுத்துத் தமிழில் மாற்றி எழுதச் செய்க. அடுத்து, வீட்டு முதியோரின் தோட்டச் சொற்களையும் அவ்வாறே தொகுக்கச் செய்க. தேர்வுக்குச் செந்தமிழ் வேண்டும். அதற்காகப் பாட்டியின் பேச்சைப் பிழையென்று ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டையும் இடமறிந்து ஆள்வதே மொழித்திறன். மனோரமாவின் கலைவாழ்வு அதற்குச் சான்று.