ரயிலேறி, படகேறி ஊர் சுற்றிய தெருநாய்! தெரியுமா?

ஐரோப்பாவில் டிராம் ஏறி ஆசியாவில் படகை விட்டு இறங்கும் தெருநாயைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? கதையல்ல, நிஜம்! துருக்கியின் இஸ்தான்புல் நகரத்தில் 2021-ல் ஊரே கொண்டாடிய அந்த நாயின் பெயர் போஜி. நகரத்தின் நடுவே பாஸ்போரஸ் நீரிணை ஓடுகிறது. ஒரு கரை ஐரோப்பா, எதிர்க்கரை ஆசியா. படகில் ஏறினால் இருபது நிமிஷத்தில் கண்டம் மாறிவிடலாம். போஜி அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது.

பொன்னும் பழுப்பும் கலந்த ரோமம், தொங்கும் காது, நல்ல ஆகிருதி. ஆட்டு மந்தைக்குக் காவல் நிற்குமே அனடோலிய நாய், அந்தச் சாதியின் சாயல். மெட்ரோ ஊழியர்களின் கண்ணில் அடிக்கடி பட, மாநகராட்சி அதைப் பிடித்து மருத்துவப் பரிசோதனை செய்து, தடுப்பூசி போட்டு, எங்கே போகிறது என்று காட்டும் கருவியையும் பொருத்தி விட்டது. வந்து விழுந்த தகவலைப் பார்த்து அதிகாரிகளே அசந்துபோனார்கள். ஒரே நாளில் 30 கிலோமீட்டர் வரை பயணம்! நாளொன்றுக்குக் குறைந்தது 29 மெட்ரோ நிலையங்கள்! பஸ், டிராம், மெட்ரோ, படகு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வார இறுதியில் படகேறி மர்மரா கடலில் இருக்கும் இளவரசர் தீவுகளுக்கே உல்லாசப் பயணம் போய்வந்ததாம்!

இன்னும் கேளுங்கள். ரயில் வந்து நின்றதும் முண்டியடித்து ஏறாது. உள்ளே இருப்பவர்கள் இறங்கும்வரை கதவோரமாக ஒதுங்கி நிற்கும், அப்புறம்தான் ஏறும். கொரோனா காலம் அது. முகக்கவசம் அணிந்த பயணிகளுக்கு நடுவே ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்க்கும் போஜியின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ஒரு படத்தில் எஸ்கலேட்டரில் நிற்கிறது. இன்னொன்றில் படகின் தளத்தில் காற்று வாங்குகிறது. யாரும் அதைக் கால் தட்டி விரட்டவில்லை என்பதைப் பார்க்கும்போது நெஞ்சு குளிர்கிறது. ரயில் பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் பொருத்திய சட்டம் இருக்கிறதே, அதற்கு நேர் மேலே படுப்பதில் அதற்குத் தனிப் பிரியம். அந்தச் சட்டத்தின் பெயரையே நாய்க்கும் வைத்துவிட்டார்கள். சமூக ஊடகத்தில் அதற்கென்று கணக்கு, லட்சத்துக்கும் மேல் ரசிகர்கள்!

இத்தனை செல்லத்தின் மேலும் ஒருவர் பழி போடப் பார்த்தார், தெரியுமா? 2021 நவம்பரில் டிராம் இருக்கை ஒன்றில் நாயின் மலம் கிடக்கும் படம் பரவியது. போஜிதான் அசிங்கம் செய்துவிட்டது, நாய்களை வண்டியில் விடலாமா என்று கண்டனம் கிளம்பியது. மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. கேமரா பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்தது. ஒரு மனிதர் டிராமில் ஏறுகிறார், மறைத்து எடுத்து வந்ததை இருக்கையில் வைக்கிறார், போகிறார். அவ்வளவுதான்! வாயில்லா ஜீவனுக்காக ஒரு மாநகராட்சி சாட்சியம் தேடிப் பதிவை ஊரறிய வெளியிட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. போஜி செய்த பயணங்களை எல்லாம்விட இதுதான் பெரிய அதிசயம் என்பேன்.

ஏனென்றால் இதே நகரம் தன் நாய்களுக்குச் செய்த கொடுமை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இஸ்தான்புல்லில் தெருவுக்குத் தெரு நாய்க் கூட்டம். 1869-ல் வெளியான தன் பயணநூலில் மார்க் ட்வைன்கூட அந்த நாய்களை விடாமல் எழுதியிருக்கிறார். நகரத்தை ஐரோப்பா மாதிரி நவீனமாக்குகிறோம் என்று ஆட்சியாளர்கள் கிளம்பினார்கள். 1910-ல் நாய்களைப் பிடித்துக் கப்பலேற்றி, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாதா என்னும் பாறைத் தீவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சுமார் 80,000 நாய்கள் என்கிறார்கள். மரமில்லை, நிழலில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. பசியிலும் தாகத்திலும் அவை இட்ட ஓலம் கரை வரைக்கும் கேட்டதாம். பின்னால் நகரத்தைத் தாக்கிய இடர்களை அந்த நாய்களின் சாபம் என்றே நம்பியவர்கள் உண்டு. இயக்குநர் செர்ஜ் அவெதிகியான் இந்தக் கொடுமையைக் குறும்படமாக எடுத்து 2010-ல் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருதை வாங்கினார்.

அந்த சிவ்ரியாதா எங்கே இருக்கிறது தெரியுமா? இளவரசர் தீவுக் கூட்டத்தில்தான்! 1910-ல் நாய்களைச் சாகக் கொண்டுபோய் விட்ட அதே கடல் பக்கம், 2021-ல் ஒரு நாய் தன் இஷ்டத்துக்குப் படகேறி விடுமுறை போனது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

நடுவில் ஊரும் நிறைய மாறியிருந்தது. 2004-ல் வந்த சட்டப்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டியிருந்தது. காதில் வண்ணப் பட்டை தொங்கும் நாயைப் பார்த்தால் இது ஊசி போட்ட நாய் என்று குழந்தைகளுக்கும் தெரியும். 2014-ல் தெருவோரம் ஒரு இயந்திரம் வந்தது. காலி பிளாஸ்டிக் பாட்டிலை மேலே போட்டால் கீழே நாய்த் தீனி கொட்டும். பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை ஊற்றவும் அதிலேயே கிண்ணம்! 2017 ஜனவரியில் பனி கொட்டித் தீர்த்தபோது ஒரு வணிக வளாகம் கதவைத் திறந்துவிட, பளபளக்கும் தரையில் கம்பளிக்கு மேல் தெருநாய்கள் படுத்துத் தூங்கின. கடைக்கு வந்தவர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் 2024 ஜூலையில் அந்த 2004 சட்டத்தைத் துருக்கி நாடாளுமன்றம் மாற்றிவிட்டது. நாடு முழுக்கச் சுமார் 40 லட்சம் தெருநாய்கள் என்பது அரசின் கணக்கு. நாய்க்கடி, வெறிநோய், சாலை விபத்து என்று மக்கள் பட்ட பாடும் பொய்யில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? இனி பிடித்த நாயைத் தெருவில் விடக்கூடாது, காப்பகத்தில்தான் வைக்க வேண்டும். நோயோ ஆபத்தோ இருந்தால் கொல்லவும் வழியுண்டு. காப்பகங்களைக் கட்டி முடிக்க உள்ளாட்சிகளுக்கு 2028 வரை கெடு. காப்பகங்களே போதாத நாட்டில் இது மறுபடியும் ஒரு சிவ்ரியாதாவாகிவிடும் என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களின் பயம் நியாயமானது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

போஜி இந்தக் கெடுபிடிக்கு முன்பே தப்பித்துவிட்டது. பழி விவகாரத்துக்குப் பிறகு அதன் பாதுகாப்பை நினைத்து ரயில் பயணத்தை நிறுத்தினார்கள். 2022-ல் அதைத் தத்தெடுத்துக்கொண்டவர் யார் தெரியுமா? துருக்கியின் மிகப் பெரிய தொழில் குழுமமான கோச் ஹோல்டிங்கின் தலைவர் ஓமர் கோச்!