பனி பிளந்த கூரை

ஆங்கிலேயக் கிராமத்துப் பண்ணை வீடுகளில் சுவர்தான் கல் என்றால் கூரையும் கல்தானா என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். காட்ஸ்வால்ட்ஸ் வட்டாரத்தில் கூரையும் கல்தான். அதைப் பற்றி எழுதக் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் நதியோரம் இருக்கும் கெல்ம்ஸ்காட் மேனர், 1600 வாக்கில் ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய வீடு. 1871-இல் வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் அதை வாடகைக்கு எடுத்தார். முக்கோண முகப்புகளும் கல் ஜன்னல்களும் அழகுதான். ஆனால் பார்க்க வேண்டியது கூரையை. இறவாரத்தில் அகலமான ஓடுகள். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே மிகச் சின்னவை. மழைநீர் வழிந்து சேரும் கீழ்ப்பகுதியில் இடுக்குகள் குறைகின்றன. பெரிய கல்லின் பாரம் சுவர்மேலேயே இறங்குகிறது. துண்டுக் கல்லும் வீணாகாமல் மேலே ஏறிவிடுகிறது. ஒவ்வொரு ஓட்டின் தலையிலும் ஒரு துளை. அதில் ஓக் முளையைச் செருகி ரீப்பரில் மாட்டினார்கள்.

அந்த வட்டாரத்தில் பேர்போன ஓடு ஸ்டோன்ஸ்ஃபீல்டு கிராமத்தினுடையது. அந்தக் காலத்தில், சுரங்கத்திலிருந்து எடுத்த சுண்ணாம்புக்கல்லைக் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருப்பார்கள். உறைபனி விழும் இரவில் தேவாலய மணி அடிக்கும். ஊரே எழுந்து போய்க் கற்களைத் திறந்து வைக்கும். என் வீட்டு ஃப்ரீசரில் ஒருமுறை தண்ணீர் பாட்டில் விரிசல் விட்டது. இங்கும் அதே வேலைதான்: கல்லின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள ஈரம் உறைந்து விரியும், கல் தகடு தகடாகப் பிரியும். 1824-இல் மெகலோசாரஸ் என்று பெயர் பெற்ற டைனோசரின் எலும்புகள் கிடைத்ததும் இந்தக் கல்லில்தான். டைனோசர்களில் அறிவியல் பெயர் பெற்ற முதலாவது அது.

இப்படிப்பட்ட பழைய கல் வீடுகளை வாங்கிக் கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, கல்லின் முகத்தை உதிர்க்கும். பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சிதைத்ததைக் கண்டு கொதித்துத்தான் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் சுண்ணாம்பைத்தான் பரிந்துரைக்கிறது.

ஸ்டோன்ஸ்ஃபீல்டு சுரங்கங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்துவிட்டன. அதனால் ஒரு வீட்டுக் கூரையைச் சரிசெய்ய இன்னொரு பழைய களஞ்சியத்தின் கூரையைப் பிரிப்பது நடக்கிறது. இது தவறு. வேறு வழி இருக்கிறது. நார்தாம்ப்டன்ஷயரின் காலிவெஸ்டன் கல்லை இப்போது குளிர்பதன அறையில் உறையவைத்துப் பிளக்கிறார்கள். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனாலும் களஞ்சியங்களைப் பிரிக்கக் கொடுக்கும் பணம் அங்கே போகட்டும்.