சின்னாளபட்டிக்கு வந்த வைத்தியர்

ஊருக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு நாம் மாலை சூட்டுகிறோம். வாழ்த்துப் பத்திரம் வாசித்தளிக்கிறோம். படத்தையும் திறந்து வைக்கிறோம். மறுநாள் மாலை வாடிவிடுகிறது. அவர்கள் செய்த வேலையும் நம் நினைவை விட்டு அகன்றுவிடுகிறது. இதுதானா மரியாதை என்ற ஐயம் எழும்போதெல்லாம் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் சரித்திரமே நமக்கு நினைவு வருகிறது.

அம்மையார் 1904-ம் வருஷம் பிறந்தவர். மதுரையில் மோட்டார் பஸ் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. இளம் பருவத்திலேயே கணவரை இழந்தார். கைம்பெண்ணை வீட்டின் ஒரு மூலையில் இருத்திவிடுவதே அக்காலத்து வழக்கம். அம்மையாரோ டில்லிக்குச் சென்று வைத்தியம் பயின்று, 1936-ல் பட்டம் பெற்றார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியுடன் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். ஜாதிக் கட்டையும் கைம்மைக் கட்டையும் ஒருங்கே அறுத்த விவாகம் அது.

பட்டணத்தில் தங்கியிருந்தால் பொருளும் புகழும் தாமே தேடி வந்திருக்கும். அவர் தேர்ந்தெடுத்ததோ, திண்டுக்கல்லை அடுத்து, தறி ஓசை கேட்கும் சின்னாளபட்டி. 1947-ல் காந்திகிராமப் பணி தொடங்கியபோது அங்கே அவர் நடத்தியது இரண்டே படுக்கைகள் கொண்ட வைத்திய விடுதி. அதுவே பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக ஓங்கியது. 1956-ல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம், 1976-ல் பல்கலைக்கழக அந்தஸ்து எய்தியது. 1962-ல் மத்திய சர்க்காரில் கல்வித் துணை மந்திரியானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். 1984-ல் அமரரானார். 2005-ல் அவர் உருவம் தாங்கிய தபால் தலை வெளிவந்தது.

தேசம் தன் கடமையைச் செய்தது. நம் கடமை என்ன?

பாடசாலையில் காலம் கழித்த நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை தேர்வில் வென்றதும், “இந்த ஊரில் உனக்கு என்ன இருக்கிறது? பட்டணத்துக்குப் போ!” என்று நாமே அனுப்பி வைத்தோம். அவன் ரயிலேறியபோது பெருமிதமும் கொண்டோம். வைத்தியரும் இஞ்சினீயரும் நம் ஊருக்கு வருவதில்லையே என்று பின்னர் குறைபட்டுக்கொண்டவர்களும் நாமேதான்.

நேயர்களே, உங்கள் ஊரிலும் யாரேனும் ஒருவர், கேட்பாரற்று, ஊர்ப்பணி செய்துகொண்டிருப்பார். அவருக்கு அறுபதாம் ஆண்டு விழா எடுக்கும்வரை காத்திராதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பிள்ளைகளை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். “இவர்கள் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம்?” என்று கேளுங்கள். மாலையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.