வீட்டுக்குள் மட்டும் செல்லும் விலாசம்

ரூட்டரின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள், பெரும்பாலும் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கக் காண்பார்கள். அதே எண் அடுத்த வீட்டிலும், டோக்கியோ நகரத்துக் கடையொன்றிலும் ஏககாலத்தில் வழங்கிவரக்கூடும் என்பதும், அப்படியிருந்தும் ஒருவருக்குரிய செய்தி மற்றொருவரிடம் போய்ச் சேருவதில்லை என்பதும் யோசிக்கத்தக்க விஷயம்.

இணையத்தின் பழைய ஏற்பாட்டில் ஐ.பி. விலாசம் என்பது 32 பிட் நீளமுள்ளதாகையால், 429 கோடியே சொச்சம் விலாசங்களுக்கு மேல் உண்டாக்க வழியில்லை. தட்டுப்பாடு வரப்போவதை முன்னரே உணர்ந்த நிபுணர்கள், நிரந்தரப் பரிகாரம் கிட்டும்வரையில் சமாளிப்பதற்கென்று, ‘நாட்’ எனச் சுருக்கமாக வழங்கும் விலாச மாற்று முறையை 1994இல் வெளியிட்டார்கள். 192.168 என்று தொடங்குபவை உள்ளிட்ட சில எண் வரிசைகளை யாரும் தத்தம் எல்லைக்குள் உபயோகித்துக்கொள்ளலாம், பொது இணையத்தில் அவை செல்லா என்ற விதி 1996இல் நிலைபெற்றது.

காரியாலயத்துக் குமாஸ்தா ஒவ்வொரு கடிதத்தையும் காரியாலயத்தின் பெயரிலேயே அனுப்பிவிட்டு, எழுதியவர் யாரென்பதைத் தம் பதிவேட்டில் குறித்துக்கொள்வதுபோல, ரூட்டரும் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 192.168.1.5 என்ற விலாசமுள்ள கைப்பேசி, 51000 என்ற போர்ட் எண்ணிலிருந்து (ஒரே கருவியின் பல தொடர்புகளைப் பிரித்தறிய இடும் எண் இது) ஒரு பக்கத்தைக் கேட்குமானால், ரூட்டர் அவ்விலாசத்தை அழித்துத் தன் பொது விலாசத்தை இட்டு, போர்ட்டையும் வேண்டுமானால் 40012 என மாற்றி, பழையதற்கும் புதியதற்கும் உள்ள சம்பந்தத்தை எழுதிக்கொள்கிறது. பதில் 40012க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்துக் கைப்பேசியிடம் சேர்ப்பிக்கிறது. பதிவே இல்லாத செய்தி வெளியிலிருந்து தானாக வந்தால், அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் தள்ளிவிடுகிறது. இதைப் பாதுகாப்பு என்று மெச்சுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் இது தற்செயலாகக் கிட்டிய அனுகூலமேயன்றி, ஃபயர்வாலுக்கு ஈடாகாது.

அசௌகரியமும் இதிலிருந்தே பிறக்கிறது. வெளியூரிலிருந்து வீட்டுக் காமிராவை நேரடியாகப் பார்க்க விரும்புகிறவர், குறிப்பிட்ட போர்ட்டுக்கு வருவதைக் காமிராவுக்கு அனுப்பு என்று ரூட்டரில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்; இதுவே போர்ட் ஃபார்வர்டிங்.

அப்படி எழுதியும் பலிக்கவில்லையென்றால், ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் வெளி விலாசம் என்ன காட்டுகிறதென்று பார்க்கலாம். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குமாயின், பொது விலாசங்களைச் சிக்கனம் செய்யும்பொருட்டு இணையம் வழங்கும் கம்பெனியே தன் பக்கத்திலும் ஒரு நாட் நடத்துகிறதென்று அர்த்தம். அந்நிலையில் வீட்டு ரூட்டரில் என்ன மாற்றினாலும் பிரயோஜனமில்லை, கம்பெனியிடமே பொது விலாசம் ஒன்று கேட்டுப் பெற வேண்டும்.