"ஒரே ஒரு ஜாக்கெட்தானே!"

வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் சகோதரிகளே, தைப்பதைவிட யாருடையது, என்றைக்கு வேண்டும், எவ்வளவு பாக்கி என்று நினைவு வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு, இல்லையா? ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம்! நோட்டில் எழுதினால் வந்த வரிசையில்தான் இருக்கும். போன மாதம் கொடுத்தவருக்குக் கல்யாணம் கடைசியில். நேற்று கொடுத்தவருக்கு நாளை மறுநாளே நிச்சயதார்த்தம்.

இதற்குக் காசு போட்டு சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் 'கூகுள் ஷீட்ஸ்' போதும். என் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். ஆர்டருக்கு ஒரு வரி: எண், பெயர், விசேஷ தேதி, வேலை (சாதா, லைனிங், ஆரி), கூலி, முன்பணம். பாக்கியை அதுவே கழித்துப் போட்டுவிடும். விசேஷத்துக்கு ஐந்து நாள் முன்பு எந்தத் தேதி என்றும் அதுவே காட்டும். போட்டுப் பார்த்துப் பிடிப்பாக இருந்தால் பிரித்துத் தைக்க நாள் வேண்டாமா? அந்தத் தேதிப்படி வரிசைப்படுத்தினால், முதலில் வெட்ட வேண்டிய துணி மேலே வந்து நிற்கும்.

2018-ல் வந்த 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியும் உதவி. புது ஆர்டர், பணம் பாக்கி, முடிந்தது என்று ஆளுக்கு ஆள் கலர் அடையாளம் போடலாம். டிசைன் படமும் அங்கேயே இருப்பதால், "நான் பானை கழுத்துல்ல கேட்டேன்?" என்ற தகராறு இல்லை.

ஆனால் போனில் எண் இருந்தால் மட்டும் போதாது. அதே எண்ணைச் சீட்டில் எழுதி, துணி, லைனிங், அளவு ஜாக்கெட் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் குத்திவிட வேண்டும். மாம்பழக் கலர் பட்டு இரண்டு சேர்ந்து வந்தால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது!

எனக்குப் பெரிய லாபம் வேறு. தை மாதம் தெரிந்த அக்கா ஒருவர் வந்து, "ஒரே ஒரு ஜாக்கெட்தானே, ராத்திரி உட்கார்ந்து தைச்சுக் குடும்மா" என்றார். வீட்டில் இருப்பவள்தானே, நேரம் சும்மா கிடக்கும் என்ற நினைப்பு. இரவு ஒரு மணி வரை மிஷின் மிதிப்பது யார் கண்ணில் படுகிறது? பேர்களை மறைத்துவிட்டு ஷீட்டைக் காட்டினேன். அந்த வாரம் 11 ஜாக்கெட், 3 ஆரி, ஒன்று மணப்பெண்ணுடையது. "நீங்களே சொல்லுங்கக்கா, எதை நிறுத்தட்டும்?" என்றேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் குடு" என்று போய்விட்டார். மனஸ்தாபமும் இல்லை.

மற்ற பெண்களின் அளவும் போன் நம்பரும் நம்மிடம் இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் என்றால் கட்டாயம் பூட்டுப் போடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் எடுத்த தேதியையும் எழுதுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் நான் டேப்பை எடுத்துவிடுவேன், "அதே அளவுதாம்மா" என்று அவர்கள் எத்தனை தடவை சொன்னாலும்!

— ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.